ஈயக் குண்டும் இடுப்புக் கத்தியும்



கிழக்குத் தாம்பரத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நான் நடத்தும் வகுப்பில் சென்ற மாதம் வேட்டைப் பிராணிகள் பற்றிய பாடம் வந்தது. ஆண்டுதோறும் விரைந்து கடந்துவிடும் பாடம் அது. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் புறவழிச்சாலையும் சூழ்ந்துவிட்ட நம் பகுதியில் வேட்டைக்கு ஏது இடம்? ஆனால் இம்முறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், என் அண்ணன் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறார். அங்கே அனுமதி வாங்கி மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சுட்டாராம். அந்த இறைச்சியைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

கூடும் அல்லது கூடாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் முஃப்தி அல்லன். அது ஒரு காரணம். மற்றொன்று, இக்கேள்வி 400 ஆண்டுகளுக்கு மேலாக மார்க்க அறிஞர்களை இரு பக்கமாக நிறுத்திய கேள்வி. அவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடையை மட்டும் எடுத்துச் செல்வது, பூட்டை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிச் செல்வது போன்றது. அன்று வகுப்பில் சொன்னதையும், இஷா பாங்கு குறுக்கிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸூரத்துல் மாயிதாவின் 3ஆம் வசனம் உண்ணத் தடுக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று 'மவ்கூதா', அதாவது அடிபட்டுச் செத்த பிராணி. அடுத்த வசனம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை ஆகுமாக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. நாயும் பருந்தும் இல்லாமல், கையிலிருந்து எறியும் கருவியால் வேட்டையாடினால்? தய்யி குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். அவர்கள் இதை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அவர்கள் கையாண்டது 'மிஃராள்' எனும் கருவி: இறகு கட்டாத கனத்த கோல், முனை கூர்மையானது. அது முனையால் தைத்துக் கொன்றால் உண்ணலாம், அகலப் பக்கத்தால் அடித்துக் கொன்றால் உண்ணக் கூடாது, அது மவ்கூதாவைச் சேரும் என்பது அவர்கள் பெற்ற விடையின் கருத்து. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே கோல், ஒரே கை, ஒரே பிஸ்மில்லாஹ்; ஆயினும் தீர்ப்பு இரண்டு. இன்ன கருவி ஆகும், இன்ன கருவி ஆகாது என்று பட்டியல் தரப்படவில்லை. அது சதைக்குள் என்ன செய்தது என்பதே கேட்கப்பட்டது. தைத்ததா, நசுக்கியதா? பின்னால் துப்பாக்கி வந்தபோது நடந்த விவாதம் முழுவதும் இந்த வேரிலிருந்து கிளைத்தது.

துப்பாக்கிக்கு முன்பே 'புந்துக்' என்றொன்று இருந்தது. களிமண்ணை உருட்டிக் காயவைத்து வில்லில் வைத்து எய்யும் உருண்டை அது. நம் முன்னோர் உண்டைவில் என்று சொன்னது அதைத்தான். நம் பையன்கள் வேப்பமரத்தடியில் ஓணானைக் குறிவைக்கும் உண்டிகோல் அதன் பேரப்பிள்ளை. களிமண் உருண்டைக்குக் கூர் கிடையாது. ஆகவே அதனால் செத்த பறவை மவ்கூதாவே என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி குறிப்பிடுகிறார்கள். மத்ஹபுகளின் நூல்களும் அவ்வாறே எழுதின. பிறகு துப்பாக்கி வந்தது. அரபியர் அதன் குண்டுக்கும் புந்துக் என்ற பழைய பெயரையே சூட்டினார்கள். பெயர் ஒன்றானதால் சட்டமும் ஒன்றுதானா என்பதே சிக்கல். (நாம் சொல்லும் 'துப்பாக்கி'யும் துருக்கியச் சொல்லின் வழியே வந்ததுதான். ஆயுதம் வந்த திசையைச் சொல் இன்னும் மறக்கவில்லை.)

கெய்ரோவில் வாழ்ந்து 1563இல் மறைந்த ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) ஈயக் குண்டினால் செத்த பிராணி ஆகாது என்று ஃபத்வா வழங்கினார்கள். டமாஸ்கஸில் 1836இல் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) அதைத் தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் எடுத்துக்காட்டி, காரணத்தையும் சொன்னார்கள். குண்டுக்கு வெட்டும் விளிம்பு இல்லை. அது மூர்க்கமாக உந்தப்பட்டு, தன் கனத்தாலும் சூட்டாலும் காயம் செய்கிறது. எனவே அது அறுப்பு ஆகாது. நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோர் இந்த வழியையே பற்றினர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க் கரையோரத்தில் வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும் பெரும்பாலும் இதே முடிவில்தான் நிற்கின்றன. ஆகவே நம் தாம்பரத்துப் பள்ளிவாசலில் கை கட்டும் இடத்தில் வேறுபட்டு ஒரே ஸஃப்பில் நிற்கும் இரு தரப்பாருக்கும் இந்த ஒன்றில் வேறுபாடு அதிகம் இல்லை.

மறுபக்கம் யமன். அங்கே 1834இல் மறைந்த இமாம் ஷவ்கானி (ரஹ்), தம் 'ஃபத்ஹுல் கதீர்' விரிவுரையில் இதே மாயிதா வசனத்தின்கீழ், தம் நாட்டுக்குத் துப்பாக்கி ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில்தான் வந்தது என்றும், முன்னோர் கண்டிராத பொருள் பற்றி முன்னோர் சொல்லைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்றும் கருதி எழுதுகிறார்கள். குண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது, நபிமொழி கேட்பது துளைத்தலை, இது துளைக்கிறது, ஆகவே ஆகும் என்பது அவர்கள் வாதம். கெய்ரோவில் 1786இல் மறைந்த மாலிகி அறிஞர் தர்தீர் (ரஹ்) அவர்களும் ஈயக் குண்டின் வேட்டையை ஆகும் என்ற பக்கத்தில் வைத்தார்கள்.

ஷவ்கானியும் இப்னு ஆபிதீனும் சமகாலத்தவர்கள். இரண்டே ஆண்டு இடைவெளியில் மறைந்தவர்கள். இருவரும் ஒரே நபிமொழியை ஓதினார்கள், ஒரே ஈய உருண்டையைப் பார்த்தார்கள். ஒருவருக்கு அது துளைப்பதாகத் தெரிந்தது, மற்றவருக்கு அது நசுக்குவதாகத் தெரிந்தது. மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "இருவரில் யார் சரியாகப் பார்த்தார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இருவருமே சரியாகப் பார்த்தார்கள் என்றேன்.

அக்காலக் குண்டு எப்படி நடந்துகொண்டது என்பதை அறிந்தால் இது விளங்கும். பழைய துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பானது. அதில் மென்மையான ஈய உருண்டையைப் போட்டு வெடிமருந்தால் உந்துவார்கள். அருகில் சுட்டால் வேகம் குறையாமல் சதையைத் துளைத்து மறுபுறம் போய்விடும். தொலைவில் சுட்டால் உருண்டை விரைவிலேயே வேகம் இழக்கும். எலும்பில் பட்டால் அடைபோலத் தட்டையாகும். அப்போது அது துளைப்பதில்லை, உடைத்து நசுக்குகிறது. மிஃராளின் கூர்முனையும் அகலப் பக்கமும் ஒரே உருண்டைக்குள் ஒளிந்திருந்தன. சூடு பற்றிய கருத்தில் மட்டும் பிற்கால மருத்துவம் வேறுபடுகிறது. குண்டுக் காயம் எரிவதால் உண்டாவதில்லை. அந்த எண்ணம் டமாஸ்கஸுக்கு மட்டும் உரியதும் அன்று. ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் குண்டுக் காயம் நஞ்சேறியது என்று நம்பிக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 1537இல் ஒரு போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோன பிறகே அம்ப்ராய்ஸ் பாரே என்ற பிரெஞ்சு மருத்துவர் அது வீண் வதை என்று கண்டுகொண்டார்.

அவ்விரு இமாம்களும் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் ஊரைச் சுற்றி என்ன நடந்தது? பரங்கிமலையில் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையகம் இருந்தது. கிண்டிக் காடு அன்று வேட்டைக்காடு. கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821இல் 35,000 ரூபாய்க்கு அரசு அதை வாங்கியது. வெளிமான்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1910இல் காப்புக்காடாகி, 1978இல் தேசியப் பூங்காவான பிறகு, விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பது அம்மான்களைத்தான்.

அக்காலத்து ஆங்கில வேட்டைக்காரர்களுக்கும் நம் இமாம்கள் கேட்ட அதே கேள்விதான் தலைவலியாக இருந்தது. அவர்களுக்கு அது மார்க்கக் கேள்வி அன்று, உயிர்ப் பிரச்சினை. இலங்கையின் நுவரெலியாவில் 1840களின் இறுதியில் குடியேறிய சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்காரர். மென்மையான ஈயம் யானையின் மண்டை எலும்பில் பட்டு நசுங்கிவிடும் என்பதால் ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து கடினப்படுத்த வேண்டும் என்றார். புலி, மான் போன்ற மென்தோல் விலங்குக்கு நேர்மாறாக, தூய ஈயமே நல்லது என்றார்; அது உள்ளே போய்க் காளான்போல் விரிந்து மறுபுறத் தோலுக்கடியில் நின்றுவிடும், விலங்கு அவ்விடத்திலேயே விழும். அதாவது ஷவ்கானி இமாம் எதை வைத்து ஆகும் என்றார்களோ, அந்த 'மறுபக்கம் வெளியேறுதல்' வேட்டைக்காரருக்குக் குண்டின் குறையாகத் தெரிந்தது!

குண்டு பெரிதானால் தோள் சும்மா விடாது. துப்பாக்கியின் அளவை 'போர்' என்று சொல்கிறோம் அல்லவா? ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதே அந்த எண். பன்னிரண்டு போர் என்றால் உருண்டை சுமார் 38 கிராம். நான்கு போர் என்றால் 113 கிராம். எண் சிறுத்தால் குண்டு பெருக்கும். குண்டை முன்னே தள்ளும் உந்தம் அதே அளவில் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். துப்பாக்கி இலேசாக இருந்தால் அந்த உதை கடுமையாக இருக்கும். அதனால்தான் பேக்கரின் முதல் பெருந்துப்பாக்கி ஒன்பது கிலோவுக்கு மேல் கனத்தது. பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு அவர் கொண்டுசென்ற அரைப் பவுண்டுக் குண்டுத் துப்பாக்கி, சுடும்போதெல்லாம் அவரையே சுழற்றிவிட்டது. யானைக்கு அஞ்சாதவர் தம் துப்பாக்கிக்கு அஞ்சியதாகத் தாமே எழுதிவைத்தார். 1871இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியும் சிப்பாய்களின் தோளைக் கன்றச் செய்வதில் பெயர்பெற்றது.

இந்தத் தோள் விஷயத்தில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. என் அத்தாவின் அத்தா, எங்கள் நன்னா, வண்டலூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் விவசாயம் செய்தவர். உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். குழல் வாய் வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் வகை. கரட்டு மேடுகளில் கௌதாரியும் முயலும் சுடுவார். தடம் பார்ப்பதில் வல்ல இருளர் நண்பர் ஒருவர் உடன் வருவாராம். நன்னா சுட்டவுடன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார் என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இடுப்பில் கத்தி. பறவை துடிக்கும்போதே போய்ச் சேர்ந்தால் பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் சொல்லி அறுப்பார். அது வீட்டுக்கு வரும். போய்ச் சேர்வதற்குள் உயிர் அடங்கியிருந்தால் அதைத் தொடமாட்டார், நண்பர் எடுத்துக்கொள்வார். நன்னா எந்த மத்ரஸாவிலும் ஓதியவர் அல்லர். இப்னு ஆபிதீன் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். ஆனால் டமாஸ்கஸில் எழுதப்பட்ட அந்த வரி அவர் கால்களில் இருந்தது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். (1991 திருத்தத்தில், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. நம் நாட்டில் வேட்டை குற்றம். 'ஒரு முயல்தானே' என்று யாரும் ஃபத்வா தேட வேண்டாம்.) துப்பாக்கி போனது, தோள்வலி போகவில்லை. நான் அறிந்த நன்னாவால் வலக்கையை மார்புக்கு மேல் உயர்த்த முடியாது. தக்பீர் கட்டும்போது இடக்கை காதுவரை போகும், வலக்கை பாதியில் நிற்கும். சிறுவனாக அருகில் நின்ற நான் அதைப் பார்த்துச் சிரித்து, அத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பின்கட்டையைத் தோளில் இறுக்கி வைக்காமல் சற்று இடைவெளி விட்டுச் சுட்டால் உதை சம்மட்டிபோல் விழும். காறை எலும்புக்குக் கீழேயுள்ள தசைக்குழியில் அழுத்திப் பிடித்தால் உடல் முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்ளும். நன்னாவுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்திருக்காது. ஆயினும் எல்லாப் பழியையும் துப்பாக்கிமேல் போட இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏனெனில் ஒரு வேட்டும் சுடாத எனக்கு 44 வயதில் அதே வலத்தோள் இறுகிக்கொண்டது. கரும்பலகையின் மேல்வரி எட்டாமல் போயிற்று. நாற்பதைக் கடந்தவர்களுக்கும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அடிக்கடி வருவது என்றார் மருத்துவர். எனக்குச் சர்க்கரையும் உண்டு. வெந்நீர் ஒத்தடம், சுவரில் விரல்களை மெல்ல ஏற்றும் பயிற்சி, பொறுமை என மாதக்கணக்கில் போகிறது. வலிக்கும் இடத்தில் கை வைத்து மும்முறை பிஸ்மில்லாஹ்வும், ஏழு முறை பாதுகாப்புத் தேடும் துஆவும் ஓதுமாறு உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஓதிவருகிறேன். மருத்துவர் சொன்னதையும் விடவில்லை. தக்பீரில் கை உயர்த்துவது சுன்னத். இயன்ற அளவு உயர்த்தினால் போதும், தொழுகைக்குக் குறைவில்லை. இந்தச் சட்டத்தைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். கை பாதியில் நின்றபோதுதான் நன்னாவின் கை ஞாபகம் வந்தது.

குண்டின் கதைக்கு மீள்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்புக் கலவை உறை கொண்ட சிறிய, வேகமான குண்டுகள் வந்தன; பின்னர் கூர்முனையும் வந்தது. உருண்டை போய் அம்புமுனை வந்ததைப் போன்ற மாற்றம் இது. பிற்கால ஹனஃபி அறிஞர் சிலர், கூர்முனைக் குண்டு துளைக்கிறது, எனவே இப்னு ஆபிதீன் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது என்று வாதிட்டதும் இதனால்தான். காரணம் மாறினால் சட்டம் மாறும் என்ற விதி இரு பக்கத்துக்கும் பொதுவானது.

ஆனால் அந்தத் துளைப்பு ஆங்கிலேயருக்கே பிடிக்கவில்லை. 1895இல் சித்ரால் போரில், குண்டு துளைத்துக்கொண்டு போய்விடுவதால் எதிரி விழாமல் ஓடிவருகிறான் என்று படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் நெவில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி 1896வாக்கில் உறையின் முனையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் விரிந்து கிழிக்கும் குண்டு பிறந்தது. வடமேற்கு எல்லையில், திரா போரில், அஃப்ரிதிப் பழங்குடியினர் மீது, அதாவது கலிமா சொன்ன மக்கள் மீது, அது பொழியப்பட்டது. 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டைப் போரில் தடை செய்தபோது, நாகரிகமற்ற எதிரிகளை நிறுத்த அது தேவை என்று பிரிட்டன் தரப்பில் வாதாடினார்கள். அந்த வாதத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கசக்கிறது. இன்று அந்த விரியும் குண்டுதான் உலகெங்கும் மான் வேட்டைக்குரிய குண்டு. பிரிட்டனில் மானை அதனால்தான் சுடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. விலங்கு நெடுநேரம் துடிக்காமல் உடனே சாகும் என்பது காரணம். மனிதனுக்குக் கொடுமை என்று தடுக்கப்பட்டது மானுக்கு இரக்கம் என்று விதிக்கப்பட்டிருக்கிறது.

இதில் பொருள் இல்லாமல் இல்லை. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்ற கருத்தில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். விரியும் குண்டு அந்த இலகுவை ஒருவகையில் தருகிறது. ஆனால் முனை கூர்மையாகத் தோலைத் துளைத்துப் புகுந்து, பிறகு காளான்போல் விரிந்து உள்ளே சிதைப்பது துளைத்தலா, நசுக்குதலா? மிஃராள் முதலில் முனையால் தைத்துப் பின் அகலத்தால் அடித்தால் என்ன தீர்ப்போ அதுதான் இதற்கும் என்பார் சிலர். புகுந்தது துளைத்துத்தானே என்பார் சிலர். எனக்கு என் மத்ஹபின் பழைய எச்சரிக்கையே மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. சுட்டபின் ஓடச் சொல்லும் எச்சரிக்கை அது.

மாணவரிடம், அண்ணனிடம் மூன்று விஷயங்கள் கேட்டுவரச் சொன்னேன்: குண்டின் முனை எப்படி இருந்தது, போய்ச் சேர்ந்தபோது மானுக்கு உயிர் இருந்ததா, இருந்திருந்தால் அறுத்தாரா. விவரங்களை அங்குள்ள முஃப்தியிடம் வைக்கும்படியும் சொல்லச் சொன்னேன்.

அடுத்த வாரம் விடை வந்தது. குண்டு ஈயமுனை வெளியே தெரியும் வகை. மான் பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் விழுந்தது. ஓடை ஒன்றைக் கடந்து இறங்கி ஏறிப் போய்ச் சேர அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அப்போது உடல் அசைவின்றிக் கிடந்தது. கத்தி கையில் இருந்தும் அறுக்க ஏதும் மிஞ்சவில்லை. முஃப்தியிடம் எழுதிக் கேட்டிருக்கிறாராம், பதில் வரும்வரை இறைச்சி குளிர்பெட்டியில் இருக்கிறது. "இன்னொன்றும் சொன்னார் ஹஜ்ரத்" என்றார் மாணவர். "நாலு நாளாகத் தோளைத் தூக்க முடியவில்லையாம்."